பானை உள்ளே கறுத்த கதை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. காலாண்டுத் தேர்வு, அப்புறம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, "கோயம்புத்தூர்க்காரனுக்கு முட்டிவலி எப்படி இருக்காம்?" என்று உன்னைத்தான் விசாரித்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

மகள் வரலாற்றுப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள், வருஷங்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளைத் திட்டாதே. என் பள்ளியில் இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தார்கள் இல்லையா, அந்த உற்சாகத்தில் உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். தூணுக்குத் தூண் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டிகளை வேகமாகக் கடந்து வெளியே வந்து ஐஸ் கேட்டார்கள். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பானை சார்." அவ்வளவுதான். மனசு ரொம்பச் சங்கடப்பட்டது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. பானையை அவர்கள் கைக்குக் கொடுக்காமல் நேரே கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

இந்த முறை போவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினோம். முதலில் ஒரு கயிறு. கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பித்தான் கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். 2019இல் வந்த அறிக்கையில் அது இருக்கிறது. எண்ணைச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. கயிற்றை 353 செ.மீ. அளந்து, நுனி தரையைத் தொடுகிற மாதிரி மாடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டோம். எட்டாம் வகுப்பில் இருப்பதிலேயே நெட்டையானவன் கீழே நின்று கையைத் தூக்கினான். பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். "இவ்வளவு மண்ணு எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டானே, அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுக்க வந்துவிட்டது. வைகை கொண்டுவந்த வண்டலையும், வீடு இடிந்து அதன் மேல் வீடு எழும்பியதையும் அப்புறம் சொன்னபோது ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை.

அடுத்து பானை. கறுப்பு-சிவப்புப் பானை என்று நாம் படித்தோமே, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அது சாயமில்லை, சூளையில் வருவது என்று எனக்கும் புத்தகத்தில் படித்த அளவில்தான் தெரியும். மானாமதுரை பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்காவிட்டால் எப்படி? கடம் செய்கிற ஊர் ஆயிற்றே. ஒரு பெரியவர் சம்மதித்தார். பிள்ளைகள் பிசைந்த மண்ணில் ஏழு சின்னக் கலயங்கள் வனைந்து கொடுத்தார். காய்ந்ததும் உள்ளே உமியைத் திணித்துச் சூளையில் கவிழ்த்து வைத்தோம். உள்ளே காற்றுக்கு வழி கிடையாது, உமி புகைந்து கறுக்கும். வெளியே தீயும் காற்றும் படுவதால் சிவக்கும்.

மறுநாள் பிரித்தால், இரண்டு வெடித்திருந்தன. இரண்டு முழுக்கச் சிவப்பு. விளிம்பு மண்ணில் சரியாகப் பதியவில்லை, காற்று புகுந்துவிட்டது என்றார் பெரியவர். மூன்றே மூன்று சரியாக வந்தன. ஒரு பெண் கலயத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், கரி ஒட்டவே இல்லை. "போகாதா சார்?" என்று என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வெடித்ததை வீணாக்கவில்லை. ஓட்டுக்கு ஒருவராக ஆணியால் பெயர் கீறச் சொன்னேன். சுட்ட ஓட்டில் ஆணி வழுக்கும், உனக்குத் தெரியும். நேர்கோடு எப்படியோ விழுந்துவிடுகிறது, வளைவு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. பெயரில் 'ண' வைத்திருந்தவள் பாவம், அழாத குறை. அப்போதுதான் கரும்பலகையில் தமிழி எழுத்தை, அந்தக் காலத் தமிழ் எழுத்தை, போட்டேன். 'க' என்றால் வெறும் கூட்டல் குறி! எல்லாரும் திரும்பவும் ஆணியை எடுத்துவிட்டார்கள்.

பிறகு கீழடிக்குப் போனோம். நம்பமாட்டாய், அந்தப் பானைப் பெட்டிக்கு முன்னாலிருந்து அவர்களை நகர்த்த முடியவில்லை. ஒருத்தி தன் கலயத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். கண்ணாடியோரம் அதைப் பிடித்து, உள்ளே இருப்பதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவங்க விளிம்பு நம்மளவிட மெலிசு சார்" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் கவனிக்காதது அது. 'ஆதன்' என்று ஒருவர் பெயர் கீறிய ஓட்டருகே ஒரு பையன் நின்றுவிட்டான். கையெழுத்து ஒவ்வொன்றும் வேறு வேறாக இருப்பதால், குயவர் அல்லாமல் பானைக்குச் சொந்தக்காரர்களே பெயரைக் கீறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதை நான் சொல்லுமுன் அவனே சொன்னான்: "நம்ம எழுதின மாதிரியே கோணலா இருக்கு, அவரே எழுதியிருப்பாரு."

வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பெண்பிள்ளைகள் கத்தியே விட்டார்கள். பாண்டி ஆடுகிற அதே சில்லு! 600க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒருத்தி பைக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினாள், ஓரம் தேய்த்து வழவழவென்று வைத்திருக்கிறாள்.

செலவு கையைக் கடித்தது, மேலிடத்தில் அனுமதி வாங்க அலைந்தேன். அதெல்லாம் போகட்டும்.

அரையாண்டு விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை போகிற சாக்கில் நொய்யல் கரைக் கொடுமணலையும் காட்டிவிடு. கல்மணி செய்து உலகத்துக்கு விற்ற ஊர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இங்கே பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், அவளுக்கென்று ஒரு கலயம் சூளையில் போடலாம். இந்த முறை விளிம்பை மண்ணில் நன்றாகப் புதைத்துக் கவிழ்க்கப் போகிறோம்.

அம்மா உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்.

உன் நண்பன்