செயலாளர் பொறுப்பு வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

நம் தொண்டுச் சங்கத்துக்குச் செயலாளராக வா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு மாதமாக இழுத்தடித்துவிட்டேன். பதில் இதுதான்: செயலாளர் பொறுப்பு எனக்கு வேண்டாம். வட்ஸ்அப்பில் சொன்னால் இரண்டு நிமிடக் குரல் பதிவில் என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நிர்வாகக் குழுவில் உள்ளவர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். கணக்கு வழக்கு பற்றி ஒன்றும் எழுதமாட்டேன், பயப்படாதீர்கள்.

2004 சுனாமி வந்து நாளையோடு 20 வருடம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? எனக்குள் நிற்பது அதற்கு மூன்றாம் நாள். பள்ளிக்கூட மண்டபத்தில், கொழும்பிலிருந்து லொறியில் வந்த துணிக் குவியல். கம்பளிச் சுவெட்டர், கழுத்துப்பட்டி, ஒற்றைக் குதிச் செருப்பு. திருகோணமலையில் சுவெட்டர்! நிலாவெளிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, யாரோ ஒரு ஆம்பிளையின் ஷேர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றார். "சேலை வேணாம் தம்பி, சேலைக்குப் போடுற ஒரு சட்டை மட்டும் பார்த்துத் தா." நான் குவியலுக்குள் இறங்கி அரை மணித்தியாலம் கிளறினேன். வரிசை அப்படியே நின்றுவிட்டது. "ஒரு ஆளுக்காக இத்தனை பேரை மறிக்கிறியே, உனக்கு அறிவிருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினீர்கள். கடைசியில் கிடைத்த நீலச் சட்டை அவருக்கு இரண்டு மடங்கு பெரிது. நீங்கள் ஒன்றும் பேசாமல் உங்கள் தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, அவருடைய முதுகுப் பக்கம் துணியை மடித்துக் குத்திவிட்டீர்கள். அன்று முழுக்க உங்கள் சேலைத் தலைப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறு கையால் பருப்பு அளந்தீர்கள்.

போன கூட்டத்தில் என்னைச் 'சேவை மனப்பான்மை உள்ள தம்பி' என்றீர்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. நான் திரும்பத் திரும்ப வருவது, நீங்கள் "ரெண்டு மணித்தியாலம் போதும்" என்று கூப்பிடுவதால். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது வளவு வளவாகப் போய்ச் சிரட்டையும் டயரும் கவிழ்த்தோம். 2020இல் புரெவிப் புயல் வந்த இரவுக்குப் பிறகு உலர் உணவுப் பொதி கட்டினோம். கட்டி முடித்த பொதியை எண்ணலாம். வங்கியில் நான் எண்ணுகிற காசு அடுத்த நாள் காலையில் மறுபடி எண்ணக் கிடக்கும். எந்த மூலையில் எந்தச் சாக்கு இருக்கும், யாருக்குச் சீனி கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்குத்தானே கால் போகும்?

அதே கூட்டத்தில் ஒருவர் என்னை 'வந்து போறவர்' என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறைக்கிறது, அக்கா. 20 வருடத்தில் என் வேலையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி ஒரு தரமாவது கேட்டிருப்பீர்களா?

சரி, இடையில் மூன்று வருடம் நான் வரவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் தொண்டு வேலை செய்த 17 பேர் கொல்லப்பட்டதைக் கேட்ட பிறகு அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. அம்மாவைச் சாட்டுகிறேன், பயம் எனக்கும்தான். பாலம் இல்லாத அந்தக் காலத்தில் பாதைப் படகு ஏறிக் கிண்ணியாவுக்குத் தனியாகப் போய்வந்தது நீங்கள். அதற்கு ஒரு மன்னிப்பு நான் கேட்கவே இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றேன். "சாக்கைப் பிடி" என்றீர்கள். அவ்வளவுதான்.

செயலாளர் ஆனால் மாதக் கூட்டம், அறிக்கை, கையெழுத்து, சண்டை. ஆறு மாதத்தில் ஓடிவிடுவேன், பிறகு உங்கள் அழைப்பையும் எடுக்கமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். ஐந்துக்குப் போய்விடுவேன். களஞ்சியச் சாவி யாரிடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

தம்பி