வாத்திய இசைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைப் பக்கத்தில் பாடகர்களுக்குத் தரும் இடத்தில் கால்வாசியையாவது வாத்திய இசைக்கு ஒதுக்குங்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான 'ஆரிகன்' குழுவைப் பற்றித் தமிழில் விரிவாகப் படிக்க ஆசை. ஜாஸின் மனோதர்மம், நாட்டுப்புற மெட்டு, சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய சேம்பர் இசையின் அடக்கம் மூன்றும் அவர்களிடம் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது. ரால்ஃப் டவுனரின் பன்னிரண்டு தந்தி கிதாரும் பால் மெக்கேண்ட்லஸின் ஓபோ என்ற ஊதுகருவியும் இழைய, அடியில் காலின் வால்காட்டின் தபலா சன்னமாக நடை போடும். ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபலாவும் கற்ற வால்காட் 1984-இல் சாலை விபத்தில் இறந்தது பேரிழப்பு. பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் மும்பையில் பிறந்த திரிலோக் குர்து. இவற்றையெல்லாம் நுணுக்கமாக எழுதக்கூடிய இசைக் கலைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்