குழாயில் வந்த குளவி ஏன் சிறுத்தது?

தென்னை விவசாயிகளான எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தென்னை ஓலையை அரிக்கும் கருந்தலைப் புழுவை ஒழிக்க, அந்தப் புழுவின்மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் கோனியோசஸ் என்ற சிறு குளவியை எங்களிடம் வாங்குகிறவர்களில் பலர் இந்த மாதம் ஒரே குறையைச் சொன்னீர்கள். ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் குளவி அடைத்த குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "போன தடவை கறுப்பு எறும்பு மாதிரி இருந்தது, இப்போது கொசு மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரி. தவறு எங்களுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதை விளக்கவே இந்த மடல்.

தாய்க்குளவி ஒரு புழுவைக் கொட்டி அசைவறச் செய்து, அதன் முதுகின்மேல் முட்டைகளை இடுகிறது. இட்ட பிறகும் விலகிப் போகாமல் பக்கத்திலேயே காவல் நிற்கிறது. பொரித்துவரும் குஞ்சுகள் அந்த ஒரே புழுவை உறிஞ்சித்தான் வளர்ந்தாக வேண்டும். இன்னொன்றைத் தேடிப் போக அவற்றுக்குக் கால் இல்லை. தாய்க்கு இது தெரியும்போலும். பெரிய புழுவில் அதிகமாகவும் சின்னதில் குறைவாகவும் முட்டையிடுகிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும் என்பதால் அந்தக் கணக்கும் தாயின் கையில்தான்: ஒரு புழுவில் பிறப்பவற்றில் பெரும்பாலானவை பெண்கள், ஆண் ஒன்றிரண்டுதான். எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் மெலிந்த புழுவில் பிறந்த குளவி சிறுத்துத்தான் போகிறது. சிறுத்த பெண்ணிடம் முட்டையும் குறைவு. ஒரே புழுவுக்காக இரண்டு பெண்கள் மோதினால், பெரும்பாலும் பெரியதுதான் வெல்லும்.

எங்கள் வளர்ப்பகத்தில் குளவிக்குக் கொடுப்பது அரிசி அந்துப்பூச்சியின் புழு. உடைத்த கம்பு தானியத்தில் நிலக்கடலைத் தூள் கலந்து அதை வளர்க்கிறோம். சென்ற முறை வந்த கம்பு ஈரம் பாய்ந்திருந்தது. புழுக்கள் நூல் போல மெலிந்தன. அவற்றை ஒதுக்கியிருக்க வேண்டும். கேட்டவர்கள் அதிகம் என்பதால் ஒதுக்காமல் விட்டோம்.

வளரும் இடம் குளவியை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு, மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் நுண்குளவியான டிரைக்கோகிரம்மாவின் ஓர் இனத்தில் ஜார்ஜ் சால்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1937-இல் காட்டியதைச் சொல்லலாம். அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகு இருந்தது. நீரோரத்தில் வாழும் சியாலிஸ் பூச்சியின் முட்டையில் வளர்ந்த ஆணுக்குச் சிறகே இல்லை. முதன்முதல் படித்தபோது எங்களால் நம்ப முடியவில்லை.

இனி, முழு வளர்ச்சி பெற்ற அந்துப் புழுவை மட்டுமே குளவிக்குக் கொடுப்போம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்கள் கழித்துப்போடும் பழைய அடைகளிலிருந்து மெழுகுப்புழுவையும் வளர்க்கத் தொடங்கியிருக்கிறோம். அது உருவத்தில் பெரியது. ஆனால் முற்றிவிட்டால் வலு கூடி, குளவி கொட்ட வரும்போது புரண்டு உதறித் தள்ளுகிறது. அதனால் நடுத்தர வளர்ச்சியில் இருப்பதையே எடுக்கிறோம். இந்தப் பொறுக்கும் வேலையால் குழாய்கள் உங்கள் கைக்கு வர மூன்று நாள் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுத்த குளவி வாங்கியவர்களுக்கு அதே எண்ணிக்கையை மறுபடி இலவசமாகத் தருகிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 3,000 என்று பரிந்துரைக்கிறது. சிறுத்தவற்றை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறோம். அந்துப் புழுவில் பிறந்த குளவி கருந்தலைப் புழுவை ஒருபோதும் கண்டதில்லை. விடுவதற்கு முன் தேன் ஊட்டி, புழுவின் எச்சமும் நூலாம்படையும் கலந்த கூட்டின் வாசனையைக் காட்டினால், தோப்பில் இரையை விரைவாகக் கண்டுபிடிக்கிறது. ஆகவே குழாய் வாங்க வரும்போது, உங்கள் விளையில் புழு அரித்த ஓலைகள் நாலைந்தைக் காகிதப் பையில் இறுக மூடிக் கொண்டுவாருங்கள். மருந்து தெளித்த மரத்து ஓலை வேண்டாம்.

அன்புடன்,
குளவி வளர்ப்பகத்தார்,
ஈத்தாமொழி