கொக்கரைக்கு உப்புத்தாள் வேண்டாம்

பாபநாசம் மலையடிவாரத்தில் காணிக்காரர் (காணி) என்னும் மலைப் பழங்குடியினரின் இசைக்கு ஒரு சிறு காட்சியகம் அமைக்க முயலும் குழுவினருக்கு,

வணக்கம். கட்டடமும் கல்வெட்டும் எப்படியும் வந்துவிடும். எங்கள் கவலையெல்லாம் கொக்கரையைப் பற்றித்தான். இரும்புத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, விளிம்பில் பல் வெட்டி, இரும்புக் கம்பியால் உரசி வாசிப்பது அது. ஒலியின் உயிர் அந்தப் பல்லில்தான். பொதிகைக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு; ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பல்லிடுக்கில் துரு ஏறும். உடனே யாராவது உப்புத்தாளை எடுப்பார்கள். இல்லையென்றால் குத்துவிளக்குக்குப் போல புளி போட்டுத் தேய்ப்பார்கள். பல் மழுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் குழாய். உதிரும் துருவை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, மெழுகை லேசாகப் பூசினால் போதும். வெறுங்கையால் தொடக்கூடாது; வியர்வை பட்ட இடத்தில் விரல்ரேகையாகவே துருப்பிடிக்கும். கறுப்பு பெயின்ட் பக்கமே போகாதீர்கள். அரசுக் கட்டடங்களுக்கு அதில் ஏனோ தனி ஆசை.

தோல்கருவிகளைக் கெடுப்பது ஏசி. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தினால் தோல் இறுகித் தளர்ந்து ஓரத்தில் கிழியும். 24 மணி நேரமும் ஓட்ட முடியாதென்றால் ஏசியே வேண்டாம், நல்ல காற்றோட்டம் போதும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளி அளவு) மேல் வேண்டாம்.

மூங்கில் குழலிலிருந்து மாவு கொட்டினால் உளுத்துப்போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வையுங்கள்; உள்ளே அரிக்கும் வண்டு சாகும். வெளியே எடுத்து ஒருநாள் கழித்தே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

மகுடம் என்னும் தோல்கருவியை மலைக்கருவி என்று எழுதி வைத்துவிடாதீர்கள். உச்சம், மந்தம் என்று இரண்டாக, சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்கு வாசிப்பது அது. காணி வேறு, கணியான் வேறு.

நோய் தீர காணிகளின் பூசாரியான பிலாத்தி பாடும் சாற்றுப்பாட்டைப் பதிவுசெய்யுமுன் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடம் ஒப்புதல் கேளுங்கள். பார்வையாளர் பொத்தானை அமுக்கினால் எது கேட்கலாம், எது கேட்கக்கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். மூன்று நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில்.

மாதம் ஒருநாளாவது கருவிகளை உரியவர்கள் வந்து வாசிக்க வேண்டும். அவர்களுக்குக் காரையாறு, சேர்வலாறு குடியிருப்புகளிலிருந்து வண்டிச் செலவும் அன்றைய சம்பளமும் மதிப்பீட்டில் தனித் தலைப்பில் வரட்டும். 'இதர செலவு' என்று போட்டால் முதல் வருஷமே வெட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கருவிகளைப் பழுதுபார்க்கும் சிலர்