ஒரே அணு, பல ஆண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லேசர் பற்றிய உங்கள் கட்டுரை, ஜெர்மன் இயற்பியலாளர் தியோடோர் ஹென்ஷ் 2005-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளைத்தான் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், நிறத்தை மிகக் கூர்மையாக்கிய சாய லேசரைக் (சாயக் கரைசலிலிருந்து ஒளி தரும் லேசர்) கொண்டு ஹைட்ரஜனை ஆராய்ந்தார். 1986-இல் ஜெர்மனி திரும்பிய பிறகும் அதே ஹைட்ரஜன்தான். அணுக்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அவை ஏற்கும் ஒளியின் நிறத்தைக் காட்டும் நிறமாலைக் கோடு அகன்றுவிடும். எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஓர் அணு சேர்த்து ஏற்றால் அந்தக் குறை நீங்கும். சரி, ஒளியின் அதிர்வுகளை எப்படி எண்ணுவது? அதற்குத்தான் அளவுகோலின் கோடுகள்போல, சம இடைவெளியில் அதிர்வெண்களைத் தரும் லேசர் கருவியான 'அதிர்வெண் சீப்பு'. ஹைட்ரஜன் அணு அடிநிலையிலிருந்து அடுத்த ஆற்றல் நிலைக்குத் தாவும் அதிர்வெண்ணுக்கு 2011-இல் அவர் குழு வெளியிட்ட அளவு, விநாடிக்கு 2,466,061,413,187,035 அதிர்வுகள். ஐயப்பாடு வெறும் 10 அதிர்வுகள்! ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டானின் ஆரத்தைக் கணிக்க இந்த அளவு தேவைப்படுகிறது.

பரிசு அறிவிக்கும் நாளில் மட்டும் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதாமல், இப்படிப்பட்ட நீண்ட உழைப்பை வாரம் ஒருவராக ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். பள்ளி மாணவர்கள் கட்டாயம் படிப்பார்கள்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி