எல்லாக் காருக்கும் எதற்கு ஆயில் கேட்ச் கேன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஆயில் கேட்ச் கேன் (எஞ்சின் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உடனே பொருத்த வேண்டிய கருவி' என்று முதல் வரியிலேயே அடித்துச் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். அந்த 'ஒவ்வொருவரும்'தான் எனக்கு உறுத்துகிறது. நான் இந்த டப்பாவை இரண்டு கார்களில் பொருத்திப் பார்த்தவன். ஒன்றை நானே கழற்றிவிட்டேன். இன்னொன்று இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் குடுவையில் ஊற்றி அளந்து பார்த்தால்தான் மனம் அடங்கும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் அதன் ஓரமாக நழுவிக் கீழே எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். 'புளோ-பை' என்பார்கள். அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் இருக்கும். உள்ளே தெறித்துப் பறக்கும் ஆயில் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்துக் கார்களில் இதை ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியிலேயே கக்க விட்டுவிடுவார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்று மாசு பெரும் தொல்லையானபோதுதான், இந்த வாயுவைப் பி.சி.வி. வால்வு வழியாக எஞ்சினே திரும்ப இழுத்து எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஊர்க் காற்று பிழைத்தது. ஆனால் வாயுவோடு ஆயிலும் போய், எஞ்சினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பக்கம் படிய ஆரம்பித்தது. நடுவழியில் அந்த ஆயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு வாயுவை மட்டும் அனுப்பும் டப்பாதான் கேட்ச் கேன்.

என் கார் 11 வருடப் பழசு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை இன்ஜெக்‌ஷன். தெளிக்கிற பெட்ரோலே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொருத்தினேன், ஆசை யாரை விட்டது! 6,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டப்பாவின் அடித் திருகைத் திறந்து அளவுக் குடுவையில் பிடித்தேன். 4 மில்லி. இருமல் மருந்து மூடியில் பாதிகூட நிறையவில்லை. இதற்காகவா பானெட்டுக்குள் துளை போட்டு, பிராக்கெட் முடுக்கி, முழங்கை தோல் உரியப் பாடுபட்டேன் என்று இருந்தது. அன்றைக்கே கழற்றிப் பழைய குழாயை மாட்டிவிட்டேன்.

மருமகனின் கார் வேறு சாதி. நேரடி இன்ஜெக்‌ஷன், டர்போ. அதில் பெட்ரோல் 200 பார், சில எஞ்சின்களில் அதற்கும் மேலான அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டு படாது. அங்கே வந்து ஒட்டும் ஆயிலைக் கழுவ ஆளில்லை. சூட்டில் கரிந்து கரிந்து கறுப்பு ஓடாக ஏறிவிடும். அதைச் சுரண்ட, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டைக் கழற்றி அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கிறார்கள். டொயோட்டாவின் டி-4எஸ் போன்ற எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு, அங்கே இந்தத் தொல்லை குறைவு. மருமகன் காரில் அப்படி இல்லை. "மாமா, போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். போடலாம் என்றேன். மேனிஃபோல்டுக்குப் போகும் குழாய், டர்போவுக்குப் போகும் குழாய் இரண்டையும் டப்பா வழியாக விட்டு, ஒருவழி வால்வுகளோடு நாங்களே பொருத்தினோம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவோடு வந்த ஹோஸ் டர்போ பக்கத்துக்குக் குட்டையாக இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த தண்ணீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து மருமகன் போன் செய்தார். காலையில் ஆயில் பார்க்கப் போனால் டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) தானாகவே அரை விரல் மேலே எழும்பி நிற்கிறதாம். சுற்றிலும் ஆயில் பிசுக்காம். துடைத்து அழுத்திவிட்டாராம், நெடுஞ்சாலையில் போய்வந்தால் மறுபடி எழும்பி நிற்கிறதாம். நேரில் போய்ப் பார்த்தேன். எஞ்சின் சூட்டில் என் தண்ணீர்க் குழாய் கொழகொழவென்று இளகி, வளைவில் மடங்கி, பல்லிடுக்கில் கடித்தது போலத் தட்டையாகிக் கிடந்தது. டர்போ அழுத்தம் ஏறும்போது மேனிஃபோல்டு பக்க வால்வு மூடிக்கொள்ளும். வாயு வெளியேற அப்போது இருப்பது இந்த ஒரு வழிதான். அதை நான் அடைத்து வைத்திருக்கிறேன்! டிப் ஸ்டிக் எழும்பியதோடு போயிற்று. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஆயில் சீல் ஏதாவது பிதுங்கியிருக்கும். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் தாங்கும், உறிஞ்சினாலும் சுருங்காத ஹோஸ் வாங்கி மாட்டிய பிறகு தொல்லை தீர்ந்தது. கட்டுரையில் ஹோஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதல் 5,000 கிலோமீட்டரில் அந்த டப்பாவில் 70 மில்லி இருந்தது. இறக்கும்போதே பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. குடுவையில் ஒரு ராத்திரி அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் மஞ்சள் கலந்த தண்ணீர், நடுவில் பால் கலந்த காப்பி நிறத்தில் கெட்டியாக ஒரு படலம், மேலே கறுத்த ஆயில். குளிர் நாட்களில், பக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு மட்டும் போய்வந்த இரண்டு மாதத்தில், அளவு 100 மில்லியைத் தாண்டியது. ஆனால் பாதிக்கு மேல் தண்ணீர். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிட்டால் நீராவி வெளியே போகாமல் குளிர்ந்து இறங்கிவிடுகிறது. உறைபனி விழும் இடங்களில் இந்தத் தண்ணீர் டப்பாவிலும் குழாயிலும் கட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். அங்கே நிலைமை என் தண்ணீர்க் குழாய் கதைதான். (இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவு ஆயிலோடு சேர்த்துக் கொடுங்கள்.)

ஆக, இது மாட்டிவிட்டு மறக்கிற சாமான் இல்லை. மறந்தால் டப்பா நிரம்பி, வேகமாக முடுக்கும்போது மொத்தமாக ஒரு மடக்கு ஆயிலை எஞ்சினுக்குள் அனுப்பும். சொட்டுச் சொட்டாகப் போனதையாவது எஞ்சின் எரித்துக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை பானெட் திறக்கப் பொறுமை இல்லாதவருக்கு டப்பா இல்லாமல் இருப்பதே மேல்.

வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பா என்றால் வாங்க வேண்டாம். துளிகள் எதிலாவது மோதினால்தான் ஒன்றுசேர்ந்து கீழே இறங்கும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கை வைக்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ஸ்டெம் சீல் வழியாகக் கசியும் ஆயிலை எந்த டப்பாவும் பிடிக்காது. டீசல் வண்டியில் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். கொண்டுவரும் கரியையும் பிடிக்காது, அதோடு குழைய வரும் ஆயிலைத்தான் குறைக்கும்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் லேசாக ஒட்டிக்கொண்டாலோ கொஞ்சம் படபடத்தாலோ கவலை இல்லை. தூக்கி எறிகிறது என்றால் ரிங்கோ பி.சி.வி. வால்வோ போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த எஞ்சினுக்கு டப்பா மாட்டுவது, ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைக்கிற மாதிரிதான்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். அதில் டப்பாவின் தலையில் குட்டி ஃபில்டர் ஒன்று இருக்கிறது. மேனிஃபோல்டுக்குத் திரும்பும் குழாயே இல்லை. வாயுவை ஃபில்டர் வழியாக வெளியே விடும் பந்தயக் கார் டப்பா அது. கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியிலேயே 2,000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவுள்ள டப்பா வேண்டும் என்று இருக்கிறது, ஓடுதளத்தில் ஆயில் சிந்தக் கூடாது என்பதற்காக. சாலையில் ஓடும் காரில் அப்படித் திறந்துவிட்டால், அறுபது வருடத்துக்கு முன் மூடிய குழாயை மறுபடி திறந்துவிட்டதாகத்தான் அர்த்தம். சிக்னலில் நிற்கும்போது நாற்றம் காருக்குள்ளேயே வரும். குழாய் கழற்றிய இடத்தைச் சரியாக அடைக்காவிட்டால் சென்சார் அளக்காத காற்று உள்ளே போய் ஐடிலிங் தடுமாறும். செக் எஞ்சின் விளக்கும் எரியலாம். படத்தைப் பார்த்து அப்படியே செய்ய ஆட்கள் இருப்பார்கள். வரும் ஞாயிறு ஒரு திருத்தமும் சரியான படமும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்