பானையை எங்கே வைப்பது?

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நாகர்கோவில் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். வேலையில் இருந்த காலத்தில், சர்க்கரைப் புண்ணால் இரண்டு கால்விரல்களை இழந்த பெரியவர் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்தோம். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் இன்சுலினை ஈர மண்பானைக்குள் வையுங்கள் என்றேன். "பானைய எங்க கொண்டு வைக்க மக்ளே?" என்று கேட்டார். அவர் படுப்பது பேருந்து நிலையத்தில். அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமான இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தண்டவாளமும் இங்கேதான் முடிகிறது. வடக்கே எங்கோ ரயிலேறி, மொழி தெரியாமல், மனம் கலங்கிய நிலையில் வந்து இறங்குகிறவர்கள் இதற்கு மேல் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

வீடில்லாதவர்கள் தங்க, நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. காப்பகம் அவசியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரிசைக் கட்டிலில் ஒருவர் எத்தனை வருடம் வாழ முடியும்? அப்புறம் எங்கே போவார்?

நான் கேட்பது நிரந்தர வீடும், கூடவே ஒரு துணையும். குடியை விட்டால்தான் வீடு, வேலை கிடைத்தால்தான் வீடு என்ற நிபந்தனை கூடாது. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. நியூயார்க்கில் 1992-இல் இப்படித் தொடங்கினார்கள். ஃபின்லாந்து 2008 முதல் இதை நாட்டின் கொள்கையாகவே வைத்து, பல காப்பகங்களைத் தனி வீடுகளாக மாற்றியது. அவ்வளவு தூரம் போவானேன், சென்னையின் பான்யன் அமைப்பு 2015 முதல், மனநோயால் நீண்ட காலம் மனநல நிலையத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துக் குடிவைக்கிறது. குடும்பமோ வீடோ இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

பத்து வீட்டில் தொடங்குங்கள். ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக வேண்டாம். வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம் என்று பேருந்தும் ஆஸ்பத்திரியும் கைக்கெட்டும் இடமாக இருக்கட்டும். தெருவில் இருந்தவருக்கு யாரும் வீடு தர மாட்டார்கள் என்பது தெரியும். வீட்டுக்காரருடைய பயமும் எனக்குப் புரிகிறது: வாடகை வருமா, பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது? அட்வான்ஸைக் கொடுத்து ஒப்பந்தத்தில் மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ கையெழுத்துப் போட்டால் அந்தப் பயம் பாதி போய்விடும். மாத்திரை, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, சம்பளம் வாங்கும் பணியாளர் ஒருவர் தவறாமல் வந்துபோக வேண்டும். இது தொண்டாக விடக்கூடிய வேலை இல்லை. துணையில்லாமல் சாவியை மட்டும் கொடுத்தால் பலர் திரும்பவும் தெருவுக்கே வந்துவிடுவார்கள்.

என்னால் முடிந்ததும் உண்டு. வாரம் மூன்று நாள் வருகிறேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், இன்சுலின் போட்டுக்கொள்ளப் பழக்குவேன். முதல் வீட்டுக்கு வேண்டிய மண்பானையை நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்